கோல்கீப்பர் நடந்து வந்த தூரம்

இன்னும் பதினெட்டு நிமிடம். ஒரு கோல் முன்னால் இருக்கிறோம். பந்து அந்தக் கோடியில், எதிரணியின் கோலுக்குப் பக்கத்தில், பதினைந்து பிள்ளைகளின் கால்களுக்கு நடுவில் கிடந்து உதைபடுகிறது, மைதானத்தில் இருக்கிற அத்தனை பேரும் அங்கேதான் பார்க்கிறார்கள், நான் மட்டும் இந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மஞ்சள் சட்டை போட்டு வலைக்கு முன்னால் தனியாக நிற்கும் டெல்பினாவை, அவளைக்கூட அல்ல, அவளுடைய கைகளை. கையுறைக்குள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுகிறாள். சுண்டுவிரலில் ஆரம்பித்துக் கட்டைவிரல் வரை, பிறகு திரும்பவும் சுண்டுவிரல். அப்படிச் செய்தால் விரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியும் மேடம் என்று சொல்லியிருக்கிறாள். ஒரு கோல்கீப்பர் தனக்கு விரல் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. பத்தடி தள்ளிக் கோட்டோரம் நின்று கத்திக்கொண்டிருக்கும் எங்கள் பயிற்சியாளர் தங்கதுரைக்குத் தெரியாது. பந்தலுக்குக் கீழே வெள்ளைத் தொப்பியும் மடியில் எழுதுகிற அட்டையுமாக உட்கார்ந்திருக்கும் மாநில அணித் தேர்வாளருக்குத் தெரியாது, மாநில அணியில் கோல்கீப்பர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது, அதற்கு டெல்பினாவைப் பார்க்கத்தான் அந்த அம்மா காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். மாவட்ட விளையாட்டு விடுதியின் பெண்கள் அணி இது, பதினேழு வயதுக்குட்பட்டோர், லீக் ஆட்டம், நான் இந்த அணியின் உளவியல் ஆலோசகர், அடையாள அட்டையில் எப்சிபா என்று பெயரும் அதற்குக் கீழே என் படிப்பும் அச்சடித்திருக்கிறது. பெஞ்சின் கடைசியில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் ஒரு கால் மண்ணில் புதைந்துவிட்டதால் இடதுபக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறேன், மைதானமே ஒருபக்கம் சரிவதுபோல இருக்கிறது, நேராக்கலாம், எழுந்தால் அந்த நொடியில் ஏதாவது நடந்துவிடும் என்று எழாமல் இருக்கிறேன். படித்தவள். இப்படி நினைக்கிற பிள்ளைகளுக்கு அது வெறும் நினைப்பு என்று எடுத்துச் சொல்வதுதான் என் வேலை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் என் அறைக்கு வந்தாள். அறை என்றால் பந்து போட்டு வைக்கிற அறை, எனக்குக் கொடுக்க வேறு இடம் இல்லை, காற்றுப்போன பந்துகள், கிழிந்த வலை, அடுக்கி வைத்த கூம்புகள், அவற்றுக்கு நடுவே இரண்டு நாற்காலி, எந்நேரமும் ரப்பர் வாடை. முதல் மாதம் யாரும் வரவில்லை. வந்த ஒருத்தியும் காற்றடிக்கிற பம்பை எடுக்கத்தான் வந்தாள். நான் வேலையில் சேர்ந்த அன்று வராந்தாவில் பிள்ளைகள் பேசிக்கொண்டது சன்னல் வழியே அப்படியே கேட்டது. "எடி, இந்த மேடம் எதுக்கு வந்திருக்காவ?" "மண்ட கழண்டவங்களுக்கு வைத்தியம் பாக்கவாம்." "அப்ப மொதல்ல சாருக்குப் பாக்கச் சொல்லு." மூன்றாவது குரல் டெல்பினாவுடையது. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன், வராந்தா ஒரே ஓட்டமாகக் காலியானது. அந்தப் பெண் செவ்வாய்க்கிழமை என் முன்னால் உட்கார்ந்து ஒரு காற்றுப்போன பந்தை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தாள், பிறகு சொன்னாள், "எனக்க கை எனக்க கை மாதிரியே இல்ல மேடம்." இடதுபக்கக் கொடிக்குப் பக்கத்தில் எதிரணி கார்னர் அடிக்கப் பந்தை வைத்ததும் முழங்கைக்குக் கீழே ஒன்றுமே இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. வலதுபக்கம் வந்தால் ஒன்றுமில்லை. நேராக அடித்தால் ஒன்றுமில்லை. இடதுபக்கம் மட்டும். அதற்கும் ஒரு மாதம் முன்னால் வேறொரு போட்டியில், மழை ஈரத்தில், இடதுபக்கத்திலிருந்து வந்த பந்து அவளுடைய இரண்டு கைக்கும் நடுவே வழுக்கிக் கோலுக்குள் போனது. எல்லாக் கோல்கீப்பருக்கும் ஒரு நாள் நடப்பது. ஆனால் எவனோ அதைப் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டு, சிரிப்புச் சத்தம் சேர்த்து, கீழே ஒரு வரியும் எழுதிப் போட்டுவிட்டான். அப்பன் வலையில மீனு, மவ வலையில பந்து, ரெண்டும் நல்லா விழுது. இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அப்பா கடலுக்குப் போகிறவர், துறைமுகத்தில் ஏலம் நடக்கும்போது ஒருவன் அவரிடமே போனை நீட்டிக் காட்டினானாம். "அப்பா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல மேடம். மனசு நல்லா இருந்தா திட்டுவாவ. ஒண்ணும் சொல்லல." பந்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "சாரிட்ட சொல்லப்பிடாது." சொல்ல மாட்டேன் என்றேன். அந்தச் சொல்லில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன், இந்தச் சாய்ந்த நாற்காலியில் அல்ல.

பந்து நடுக்கோட்டுக்கு வந்துவிட்டது. போ, திரும்பிப் போ. எங்கள் பிள்ளைகள் களைத்துவிட்டார்கள், ஓடுகிற விதத்திலேயே தெரிகிறது, பாதம் தரையை விட்டு எழும்பவில்லை. சொல்லியிருக்கலாமோ. காலையில் தங்கதுரை நேராக வந்து கேட்டார், கிண்ணத்தில் இட்லியோடு நின்றுகொண்டே. "மேடம், ஒரே வார்த்தை. டெல்பினா இறங்கலாமா, கூடாதா?" "அத நான் சொல்ல முடியாது சார்." "முடியாதுன்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம்." "பதினெட்டுப் பேரப் பத்திக் கேட்டாலும் இதத்தான் சார் சொல்லுவேன்." "அப்ப நீங்க எதுக்கு மேடம் இருக்கிய?" "இப்படிச் சொல்லாம இருக்கத்தான் சார்." இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். போய், பிள்ளைகள் வரிசையாக ஷூ மாட்டிக்கொண்டிருந்த இடத்தில், பதினேழு பேர் முன்னால் அவளைக் கேட்டார், "ஃபிட்டா?" அவளும் "ஃபிட் சார்" என்றாள். வேறென்ன சொல்வாள். தங்கதுரை கெட்டவர் அல்ல. மனசுக்குப் பயிற்சி என்றால் கூடுதலாக இரண்டு சுற்று ஓடுவது என்று நினைக்கிறவர், அவ்வளவுதான், அப்படித்தான் அவரை ஓடவிட்டிருக்கிறார்கள். சொல்லியிருந்தால் அவளை வெளியே உட்கார வைத்திருப்பார், தேர்வாளர் வெறும் கையோடு ஊர் திரும்பியிருப்பார், அடுத்த நாளே விடுதி முழுக்கத் தெரிந்திருக்கும். எனக்கு அது தெரியும். இதற்கு முன்னால் வேலை பார்த்த பள்ளியில் இலக்கியா என்று ஒரு கைப்பந்துப் பெண், பெரிய ஆட்டத்துக்கு முந்தின நாளெல்லாம் படுக்கையை நனைத்துவிடுகிறேன் என்று என்னிடம் அழுதாள். நல்லதுக்கு என்று நினைத்துத் தலைமையாசிரியரிடம் சொன்னேன், கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில், பொறுப்போடு. அவர் வார்டனிடம் பொறுப்போடு சொன்னார். வார்டன் சமையல்காரம்மாவிடம் பால் கொடுக்க வேண்டாம் என்று பொறுப்போடு சொன்னார். சாயங்காலம் சாப்பாட்டு வரிசையில் யாரோ இலக்கியாவிடம் ஒரு வாளியை நீட்டினார்கள். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. போகும்போது என் அறையைத் தாண்டித்தான் போனாள், பை தோளில், என்னைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். பார்க்காமல் போனாள். அதற்குப் பிறகு எவரைப் பற்றியும் எவரிடமும் ஒரு சொல் சொன்னதில்லை. அது கொள்கையா பயமா என்று கேட்டால் பதில் தெரியாது. இப்போதும், பார், இதையே சுற்றிச் சுற்றி வருகிறேன், சொன்னேன் ஒருத்தி போனாள், சொல்லவில்லை இன்னொருத்தி நடு மைதானத்தில் விரலைத் தேடிக்கொண்டு நிற்கிறாள்.

பத்து நிமிடம். சுவரின் மேல் பையன்கள். கோலுக்குப் பின்னால் இருக்கும் மதிலில் இருபது பேர் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், இரண்டாவது பாதி முழுக்க அவளுக்கு முதுகுப்புறமிருந்து அந்தப் பாட்டுத்தான், அப்பன் வலையில மீனு, கைதட்டலோடு. ஒரு முறைகூட அவள் திரும்பவில்லை. இது என் சாதனை அல்ல, அவளுடையது, ஆனாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, எனக்குக் குழந்தைகள் இல்லை, பள்ளி ஆண்டுவிழாவில் மேடைக்குக் கீழே நின்று கண் துடைக்கும் அம்மாக்களைப் பார்த்து நான் சிரித்ததுண்டு. இந்தப் பிள்ளைகளிடம் உண்மையை வாங்குவதற்கு நான் பட்ட பாடு. ஆட்டத்துக்கு முன்னால் ஆளுக்கொரு அட்டை, மனசு நன்றாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், முடியவில்லை என்றால் சிவப்பு, பெயர் எழுத வேண்டாம், டப்பாவில் போட்டால் போதும் என்று ஏற்பாடு செய்தேன். முதல் மாதம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பதினெட்டும் பச்சை. இந்த மாதிரி ஆரோக்கியமான அணி உலகத்திலேயே இல்லை என்று அறிக்கைகூட எழுதிவிட்டேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது, டப்பாவை நான் வைத்திருந்தது தங்கதுரையின் மேசையில். இடத்தை மாற்றிக் குளியலறைப் பக்கம் வைத்தேன், அடுத்த ஆட்டத்துக்கு ஆறு மஞ்சள், இரண்டு சிவப்பு. எட்டுப் பேர் நன்றாக இல்லை என்று தெரிந்த அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை வெளியில் சொன்னால் என்னைத்தான் மருத்துவரிடம் கூட்டிப்போவார்கள். டெல்பினாவோடு செய்ததும் அப்படித்தான், கேட்டால் சிரிப்பார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு தினமும் இருபது கார்னர், இடதுபக்கம் மட்டும். முதல் நான்கு நாள் பந்தே கிடையாது, நான் கொடிக்குப் பக்கத்தில் போய் நிற்பேன், கையைத் தூக்குவேன், இறக்குவேன், அவள் கோலில் நின்று கை மரத்ததா இல்லையா என்று சத்தமாகச் சொல்வாள். பிறகு ஸ்பாஞ்சுப் பந்து. பிறகு நிஜப் பந்து, நானே உதைப்பேன், முதல் உதையில் பந்து மூன்றடி போனது, என் செருப்பு பதினைந்தடி போனது, அவள் பந்தை விட்டுவிட்டுச் செருப்பைப் பிடித்தாள். "நல்ல கேட்ச் மேடம்!" என்று அவளே கத்தினாள். முதல் வாரம் இருபதில் பதினொன்று மரத்தது. இரண்டாவது வாரம் ஏழு. இந்த வாரம் மூன்று. மூன்று என்பது பூஜ்யம் அல்ல. அதுவும் எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இப்போது பந்து எங்கள் பக்கம் வந்துவிட்டது, வரக்கூடாத பக்கம், எதிரணியின் ஒல்லிப் பெண் ஒருத்தி கோட்டோரமாகவே இழுத்துக்கொண்டு வருகிறாள், எங்கள் பிள்ளை காலை நீட்டுகிறாள், பந்து பட்டு வெளியே போகிறது, நடுவர் கொடியைக் கையால் காட்டுகிறார். கார்னர். எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, டெல்பினாவின் கைகளைப் பார்த்தாலே தெரிகிறது, மடக்கி நீட்டுவது நின்றுவிட்டது. இரண்டு கையும் பக்கவாட்டில் தொங்குகின்றன, ஈரத்துணியைக் கொடியில் போட்டதுபோல. இது அந்த மூன்றில் ஒன்று. நான் எழுந்துவிட்டேன், எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. அவள் வலதுகையைத் தூக்குகிறாள், முழங்கையை மடக்காமல், தோளிலிருந்து மொத்தமாக, கனமான ஒன்றைத் தூக்குவதுபோல் தூக்குகிறாள், இடதுகையையும் தூக்கி இரண்டையும் ஒன்றையொன்று சுற்றிக் காட்டுகிறாள். ஆளை மாற்றுங்கள். எனக்குப் புரிந்தது தங்கதுரைக்கும் அதே நொடி புரிந்தது, இத்தனை வருட அனுபவம், உடனே அவர் குனிந்து தன் கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார். விழு. காலைப் பிடித்துக்கொண்டு விழு. எல்லாக் கோல்கீப்பருக்கும் இது சொல்லிக்கொடுப்பதுதான், ஒரு கோல் முன்னால் இருக்கிறோம், ஐந்தாறு நிமிடம் மிச்சம், கெண்டைக்கால் பிடித்துவிட்டது என்று விழுந்து உருண்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆள் ஓடும், பனிக்கட்டி, ஸ்ப்ரே, மூன்று நிமிடம் கரையும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நொண்டிக்கொண்டே வெளியே வந்தால் கைகூடத் தட்டுவார்கள். அந்த நடிப்பில் டெல்பினாவை மிஞ்ச ஆள் கிடையாது. போன வருடம் ஒரு ஆட்டத்தில் அவள் உருண்டதைப் பார்த்து எதிரணிப் பயிற்சியாளரே தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார், பிறகு விடுதியில் ஒரு வாரம் எல்லாரும் அதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். விழுந்தால் போதும். பழி வெயிலின் மேல் விழும், காலின் மேல் விழும், தேர்வாளர் அட்டையில் காயம் என்று எழுதுவார், அடுத்த வாரம் திரும்ப வந்து பார்ப்பார். விழு மகளே, நானும் மனசுக்குள் அதைத்தான் சொன்னேன், மறைக்க மாட்டேன், உண்மையை வாங்குவதற்கு டப்பாவைக் குளியலறைக்குத் தூக்கிப் போனவள் அந்த நொடியில் விழு, பொய் சொல்லு என்றுதான் வேண்டிக்கொண்டேன். அவள் விழவில்லை. நேராக நின்று மறுபடியும் கைகளைச் சுற்றினாள். நடுவர் அவளிடம் ஓடினார், என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற லெஃப்ட் பேக் பெண் பிறகு சொன்னாள். "என்னம்மா, கால் பிடிச்சுக்கிச்சா?" "கால் நல்லா இருக்கு சார்." "அப்ப?" "இந்தப் பந்த எனக்குப் பிடிக்க முடியாது சார். முடியறவளப் போடணும்."

வினிலாவுக்குப் பதினான்கு வயது, இரண்டாவது கோல்கீப்பர், போட்டியில் இதுவரை ஒரு நிமிடம்கூட இறங்கியதில்லை, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருத்தியின் ஜடையைப் பின்னிக்கொண்டிருந்தவள். "நானா? நானா சார்?" என்று மூன்று முறை கேட்டாள். "ஒன்னத் தவிர வேற யாரு, ஓடு!" கையுறையை மாட்டிக்கொண்டே ஓடினாள், ஒன்று கீழே விழுந்தது, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு ஓடினாள். வெளியேறுகிறவள் மைதானத்தின் குறுக்கே ஓடிப் பெஞ்சுக்கு வர முடியாது, பக்கத்தில் எந்தக் கோடு இருக்கிறதோ அதைத் தாண்டி வெளியே போய்விட வேண்டும், விதி அப்படி. கோல்கீப்பருக்குப் பக்கத்துக் கோடு கோலுக்குப் பின்னால் இருப்பதுதான். அதாவது மதிலுக்குக் கீழே. மதிலை ஒட்டி நடந்து, வலதுபக்கக் கொடியைச் சுற்றித் திரும்பி, பிறகு நீளக்கோட்டோடு பாதி மைதானம் நடந்து பெஞ்சுக்கு வர வேண்டும். கிட்டத்தட்ட நூறு மீட்டர். பையன்கள் முதலில் என்ன நடக்கிறது என்று புரியாமல் அமைதியாக இருந்தார்கள், புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார்கள். "ஏ வலைக்காரி, எங்க போற?" "கடலுக்குப் போறியா, நாங்களும் வரட்டா?" "லே, படம் எடு, படம் எடு!" நாலைந்து போன்கள் நீண்டன. நான் கோட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் நடுவர் என்னை வெளியே அனுப்புவார், அனுப்பட்டும் என்று ஒரு கால் வைத்தேன், வைத்த காலை எடுத்தேன், ஏனென்றால் அவள் நடக்கிற விதம் அப்படி இருந்தது. வேகமாக நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை. தலையைக் குனியவில்லை, நிமிர்த்திக் காட்டவும் இல்லை. கடைக்குப் போய்விட்டு வருகிறவள் நடக்கிற மாதிரி நடந்தாள், கைகள் மட்டும் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. ஓடிப் போய் அணைத்துக்கொள்ளவோ தோளில் துணி போர்த்திக் கூட்டிவரவோ அங்கே தேவையே இல்லை. நான் போயிருந்தால் அந்த நடை நோயாளியின் நடையாக ஆகியிருக்கும். இத்தனை வருடத்தில் நான் செய்த ஒரே நல்ல சிகிச்சை, அந்தக் காலைத் திரும்ப எடுத்ததுதான்.

அவள் வலதுபக்கக் கொடியை நெருங்கியபோது எதிர்க் கொடியிலிருந்து கார்னர் அடித்தார்கள். வினிலா முன்னால் வந்தாள், வந்திருக்கக் கூடாது, பந்து அவளைத் தாண்டிப் போனது, இரண்டாவது கம்பத்துக்குப் பக்கத்தில் காவலுக்கு ஆளே இல்லை, அந்த ஒல்லிப் பெண் தலையால் ஒரு தட்டு, கோல். ஒன்றுக்கு ஒன்று. மதில் அதிர்ந்தது. வினிலா மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள், எங்கள் பிள்ளைகள் இடுப்பில் கை வைத்து ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள், பெஞ்சில் ஒருத்தி "சவம்" என்று வைதாள், வினிலாவைச் சொன்னாளா, டெல்பினாவையா, என்னையா. சொல்லியிருந்தால் காலையிலேயே வினிலாவைத் தயார் செய்திருப்பார், அரை மணி நேரம் இடதுபக்கக் கார்னர் பழக்கியிருப்பார், இந்தக் கோல் என் கணக்கில்தான், சரி, என் கணக்கில்தான், எழுதிக்கொள்ளட்டும். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. கடற்கரையில் படகில் இருப்பவர்களைக் கூப்பிட்டுப் பழகிய குரல், மைதானத்தை நெடுக அறுத்துக்கொண்டு போகிற குரல். "வினிலா! எழும்புடி! எழும்பு! எனக்கும் போச்சு, ஒனக்கும் போச்சு, இனி வாறதப் பாரு!" கொடிக்குப் பக்கத்தில் நின்று டெல்பினா கத்தினாள். வினிலா தலையைத் தூக்கினாள். மதில்மேல் இருந்தவர்களில் ஒருவன் சிரித்தான், அவன் மட்டும் சிரித்துக்கொண்டிருப்பது அவனுக்கே கேட்டிருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டான். வினிலா எழுந்தாள். டெல்பினா மிச்ச தூரத்தையும் நடந்தாள்.

பெஞ்சுக்கு வந்ததும் நேராகத் தங்கதுரையின் முன்னால் போய் நின்றாள். நான் நகர்ந்து உட்கார இடம் விட்டேன், அவள் உட்காரவில்லை. அவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "காலப் பிடின்னு காட்டினேனே, பாக்கலையா?" "பாத்தேன் சார்." "பின்ன ஏன் விழல?" "கால் நல்லா இருக்கு சார்." அவளே மேலும் சொன்னாள், "காலையிலயே சொல்லியிருக்கணும் சார். ஃபிட்டுன்னு பொய் சொன்னது எனக்க தப்பு." "ஆமா, தப்புத்தான்" என்றார் அவர். நான் வாயைத் திறந்தேன், நான் ஏதாவது சொல்ல வேண்டிய இடம் இது, படித்த வார்த்தைகள் நாலைந்து வரிசையில் நின்றன, அதற்குள் அவரே தொடர்ந்தார், "எல்லார் முன்னாலயும் வச்சுக் கேட்டா எவ சொல்லுவா. அது எனக்க தப்பு." தன் தப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்பது முதல் தடவை, பிள்ளைகளும் முதல் தடவைதான் கேட்டார்கள், ஜடை பின்னப்பட்ட பெண் பாதி ஜடையோடு அவரையே பார்த்தாள். "வினிலாவுக்கு ரெண்டாவது கம்பம் தெரியல. எனக்குத் தொண்ட போச்சு. நீ போய்க் கத்து." டெல்பினா கோட்டோரம் போய் நின்றாள். மிச்சமிருந்த நான்கு நிமிடமும் அந்தக் குரல் ஓயவில்லை. ரெண்டாவது கம்பம், ஆள விடாத, வெளிய வராத, வா வா வா, இப்ப வா. வினிலா இரண்டு பந்தைப் பிடித்தாள், இரண்டாவதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடவே மாட்டேன் என்று படுத்துவிட்டாள், நடுவர் போய் எழுப்ப வேண்டியிருந்தது. விசில். ஒன்றுக்கு ஒன்று, ஆளுக்கு ஒரு புள்ளி. நான் மறுபடி உட்கார்ந்தேன். பெருமை என்றால் மேளம் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை, நல்ல தாகத்துக்குத் தண்ணீர் குடித்த பிறகு வயிறு கனக்கிற மாதிரி இருக்கிறது.

தேர்வாளர் பந்தலிலிருந்து இறங்கி வந்தார், அட்டையை மார்போடு வைத்துக்கொண்டு, தங்கதுரையைத் தாண்டி என்னிடம். அடையாள அட்டையைக் குனிந்து படித்தார். "நீங்கதானே மனநல மேடம். அந்தப் பொண்ணுக்கு என்ன? காயமா?" எனக்குப் பதில் தெரியும், மூன்று வாரத்துப் பதில், பதினொன்று, ஏழு, மூன்று எல்லாம் தெரியும், நல்ல வார்த்தைகளில் அடுக்கிச் சொன்னால் அவளுக்கு உதவியாகக்கூட இருக்கும். "அவளையே கேளுங்க மேடம்" என்றேன். கூப்பிட்டார். டெல்பினா வந்தாள், கையுறையைக் கழற்றிக்கொண்டே, பல்லால் இழுத்துக் கழற்றினாள். நான் தள்ளிப் போக வேண்டும், அதுதான் முறை, இரண்டடி தள்ளிப் போனேன், காது அங்கேயே இருந்தது. "எடதுபக்கம் கார்னர் வந்தா கை மரத்துப் போவுது மேடம். ஒரு கோல் விட்டேன், அதப் படம் பிடிச்சுப் போட்டாவ, அதுலருந்து. எப்சி மேடம்கூட தினமும் பழகுதேன். இருபதுக்கு மூணு வருது, முன்ன பதினொண்ணு." பாடம் ஒப்பிக்கிற மாதிரி அல்ல, சளிப் பிடித்திருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். தேர்வாளர் முகத்தில் எதுவும் தெரியவில்லை, அவரும் ஒரு காலத்தில் ஆடியவர், முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர். "மாநில முகாம் இன்னும் பதினஞ்சு நாள்ல. அதுக்குள்ள சரியாயிருமா?" "தெரியாது மேடம். அங்க வந்தா குறையலாம், கூடவும் செய்யலாம்." "அப்ப எத நம்பி ஒன்ன நான் கோல்ல நிறுத்துறது?" தங்கதுரை திரும்பிப் பார்த்தார். டெல்பினா யோசித்தாள், உண்மையாகவே யோசித்தாள், நெற்றி சுருங்கியது. "முடியலன்னா கையத் தூக்கிருவேன்னு நம்பலாம் மேடம்." தேர்வாளர் அட்டையை நிமிர்த்திப் பிடித்து, பேனா மூடியை வாயில் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். நீளமாக எழுதினார். ஒரு பெயர் எழுத அவ்வளவு நேரம் ஆகாது, வேண்டாம் என்று எழுதவும் ஆகாது. அவர் எழுதி முடிக்கும்வரை டெல்பினா எதிரே நேராக நின்றாள், எட்டிப் பார்க்கவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து தலையைக் கொஞ்சம் சாய்த்தால் அட்டை தெரியும். சாய்க்க எனக்குத் தோன்றவே இல்லை.